நல்ல விளக்கில்தான் தண்ணீர்

மார்ச் 14, வியாழன், மாலை 5.40

முதலில் ஒரு திருத்தம். நேற்றைய பக்கத்தில் ‘தண்ணீர் புகுந்த விளக்குகள்: 25’ என்று எழுதியிருக்கிறேன். தவறு. 26. கூரையில் மாட்டியிருந்தவற்றை மட்டும் எண்ணியிருக்கிறேன். வெடித்துக் கீழே விழுந்து, மேனேஜரின் மேசையில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்த ஒன்றை எண்ணவில்லை. விசாரணையே அந்த ஒன்றைப் பற்றித்தான்.

மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். “கல்யாண மண்டபத்துல எல்லாரையும் எண்ணிட்டு மாப்பிள்ளைய விட்டுட்ட மாதிரி இருக்கு மருமகளே” என்றார்.

நான் படிக்கும் மாலை எலக்ட்ரிகல் வகுப்பு தொடங்க இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. வகுப்பறையில் நான் மட்டும்தான். இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்குள் எதையாவது மறந்துவிட்டால் ஒரு மனிதரின் தொழில் போய்விடும்.

விஷயம் இது. மீன் வெட்டிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்கூடம். தினமும் வேலை முடிந்ததும் தரை, மேசை, சுவர், கூரை எல்லாவற்றையும் பைப்பால் பீய்ச்சிக் கழுவுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கென்று இருப்பவை பல்க்ஹெட் விளக்குகள்: கூரையோடு ஒட்டி உட்காரும், தண்ணீரும் தூசியும் புகாமல் மூடிய, வட்டமான எல்.ஈ.டி. விளக்குகள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஒயர்மேன் அங்கே நாற்பது விளக்குகளை மாட்டினார். பத்து நாளுக்கு முன், நான்காம் மேசைக்கு மேலிருந்த விளக்கில் தண்ணீர் சேர்ந்து டப்பென்று வெடித்தது. அதன் மூடி மேசையில் விழுந்தது. அங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் பதறியதில் கத்தி அவர் வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. இரண்டு விரல்கள் இனி மடங்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. கூடத்தில் அவருக்கு ‘வேகக்கை’ என்று பெயர்.

வெடித்த விளக்குக்குள் கேஸ்கெட் இல்லை. மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் அழுந்தி உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் கேஸ்கெட். ‘ஒயர்மேன் வளையம் போடாமலே மாட்டிவிட்டார்’ என்று மேனேஜர் அறிக்கை எழுதினார். நாளை பத்து மணிக்கு லைசென்ஸ் போர்டில் விசாரணை. அந்த அறிக்கை நின்றால் ஒயர்மேனின் லைசென்ஸ் ரத்து. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அவருடைய அக்கா, தையல்காரம்மா, எங்களைத் தேடி வந்தார்.

எங்கள் விசாரணை நிலையம் என்பது ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பழைய வேன், நான், மாமா. மாமா முன்பு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். இப்போது வேன் ஓட்டுகிறார். மற்ற நேரமெல்லாம் வாய் ஓட்டுகிறார்.

காலை எட்டு மணிக்கு ஒயர்மேன் வீட்டுக்குப் போனோம்.

“வளையம் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“போட்டேன்னுதான் நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா?”

“நாற்பது விளக்கும்மா. ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்க்கிறேன், பத்து நாளா தூக்கம் இல்ல. ஒண்ணுல மறந்திருந்தா? அந்தப் பொண்ணு கையப் பார்த்துட்டு ‘சத்தியமா போட்டேன்’னு எப்படிச் சொல்வேன்?”

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “பார்த்தீங்களா? வாயத் திறந்தா தனக்கே எதிரா சாட்சி சொல்றான். இவனுக்கு வெளியிலேர்ந்து ஒரு எதிரி வேற எதுக்கு?”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நானும் ஆபீஸ் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நான்காவது முறை இழுப்பவள்.

“இந்த விளக்கை எப்படித் தேர்ந்தெடுத்தீங்க?” என்றேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து மூன்று விளக்குகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

“மூணு மாதிரி என் கைக்காசுல வாங்கினேன். இது மொதல் மாதிரி. மூடி சாதா பிளாஸ்டிக். வீட்டு மாடிப்படிக்குப் போதும். வெயில் படாது, யாரும் இடிக்க மாட்டாங்க. கூடத்துல மருந்துத் தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க, ஒரு வருஷத்துல பழுத்த இலை மாதிரி ஆகி வெடிச்சுடும். ரெண்டாவது இது. பெட்டியில ஐ.பி. அறுபத்தஞ்சுன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தான்.”

“தூசி துளியும் போகக்கூடாது, எந்தப் பக்கத்திலேர்ந்து பைப்பால அடிச்சாலும் தண்ணி போகக்கூடாது” என்றேன். போன வாரப் பாடம்.

“அதேதான். பின்கட்டுல வச்சு பத்து நிமிஷம் பைப்பால அடிச்சேன். வயிறு முட்டக் குடிச்சுட்டு நின்னுச்சு. பிரிச்சுப் பார்த்தா உள்ள ஜன்னல்ல ஒட்டுற ஸ்பாஞ்சு. பெட்டியில நம்பர் அடிக்கிறது சுலபம். திறந்து உள்ள பார்க்காம வாங்கக்கூடாதும்மா.”

மூன்றாவது விளக்கை அவர் பூனைக்குட்டியைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார்.

“இதுதான் மாட்டினது. மூடி பாலிகார்பனேட். சுத்தியால தட்டினா சுத்திதான் திரும்பி வரும். உடம்பு அலுமினியம், சூட்டை வெளிய விட்டுடும். சூடு உள்ளேயே நின்னா எந்த எல்.ஈ.டி.யும் சீக்கிரம் செத்துடும். ஸ்க்ரூ துருப்பிடிக்காத ஸ்டீல். கேஸ்கெட் ஒட்டினது இல்ல, தனி வளையம். கெட்டி சிலிகான். கழட்டலாம், கழுவலாம், திருப்பிப் போடலாம்.”

வளையத்தைக் கழற்றிக் கொடுத்தார். சாம்பல் நிறம். ஒரு சாண் அகலம். ஓரத்தில் சின்னதாய் ஒரு நட்சத்திரமும் 160 என்ற எண்ணும் அச்சாகியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை.

கிளம்பும்போது வாசல் சுவரில் அதே விளக்கு மாட்டியிருப்பதைப் பார்த்தேன். நான்கு ஸ்க்ரூக்களின் பிளவுகளும் அளவெடுத்தது போல மேலும் கீழுமாக நின்றன.

“இது எப்படி எல்லாம் ஒரே மாதிரி நிக்குது?”

ஒயர்மேன் கூச்சப்பட்டார். “பழக்கம்மா. கடைசியா இறுக்கி முடிச்சதும் பிளவு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கணும் எனக்கு. சுவர்னா மேலும் கீழுமா. கூரைன்னா வாசலைப் பார்த்து. வேற யாராவது கை வச்சா உடனே தெரியும்.”

மாமா வேனில் ஏறிக்கொண்டே சொன்னார்: “ஸ்க்ரூவையே பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி வரிசையில நிக்க வைக்கிற ஆளு. வளையத்தையா மறப்பாரு?”

“பழக்கம் சாட்சி ஆகாது மாமா.”

“போய்ப் பார்த்தா ஆயிடும்.”

பத்தேகாலுக்குத் தொழிற்கூடம். நேற்றே போன இடம்தான். ஆனாலும் வாசலில் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மீன் வாடையை நான் சொல்லவில்லை, மீன் வாடை நேர்மையானது. அதன் மேல் யாரோ எலுமிச்சை சென்ட்டைத் தெளித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து தொண்டையில் ஒரு பிசுக்காகப் படிந்தன.

மேனேஜர் வந்தார். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டே வந்தார். மூடியின் நுனியைப் பார்த்தார், கால்சட்டையில் துடைத்தார், அதே கையை எனக்கு நீட்டினார். நோட்டையும் பேனாவையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டேன்.

“பாவம் அந்தப் பொண்ணு. எனக்கு ராத்திரியெல்லாம் மனசு கேக்கல” என்றார். “இங்க எல்லாரும் ஒரே குடும்பம். விளக்கு நல்ல விளக்குதான். மாட்டினவன் சரியில்ல. அவ்வளவுதான் விஷயம். இன்னும் என்ன பார்க்கணும்?”

“மறுபடியும் எண்ணணும் சார். நேத்து ஒண்ணு தப்பா எண்ணிட்டேன்.”

அவர் சிரித்தார். என்னை இனிமேல் ஒரு பொருட்டாக நினைக்கப்போவதில்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அது வசதியாகப் போயிற்று.

ஏணி வைத்து ஏறினேன். முதல் வரிசையில் ஒன்பது விளக்குகள். ஒன்றில்கூட ஸ்க்ரூ வாசலைப் பார்க்கவில்லை. ஒன்று சுவரைப் பார்த்தது, ஒன்று ஜன்னலைப் பார்த்தது, ஒன்று பாதி திருகியபடி நின்றது. ஒரு மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த தண்ணீர் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. இளம்பச்சை நிறம். அதில் மீன் செதில்களும், ஊறிப் பருத்த இரண்டு ஈக்களும், முடி மாதிரி ஏதோ ஒன்றும். காலையில் குடித்த காப்பி திரும்பி மேலே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

மூடியின் விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் கறை. நடுவில் மட்டும் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று ஒரு தடம். வளையம் வாரக்கணக்கில் அழுந்தி உட்கார்ந்திருந்தால்தான் அப்படி ஒரு தடம் விழும். ஒயர்மேன் வளையம் போட்டிருக்கிறார். பிறகு யாரோ திறந்து எடுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் வரிசையில் எட்டு, நான்காம் மேசைக்கு மேல் விழுந்த விளக்கின் இடம் காலி. அதே கதை. மூன்றாம் வரிசையில் எட்டு விளக்குகள்வரை அதே கதை. ஒன்பதாவது விளக்கு காய்ந்து கிடந்தது. நான்கு ஸ்க்ரூவும் வாசலைப் பார்த்து நின்றன. அதற்கப்புறம் இருந்த பதின்மூன்றும் அப்படியே. விழுந்த விளக்கையும் சேர்த்தால் கெட்டவை இருபத்தாறு, நல்லவை பதினான்கு.

கீழே ஏணியைப் பிடித்திருந்த மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

“கக்கூஸ்ல போய்ப் பார்த்தேன். அங்க பழைய மட்ட ரக விளக்கு. அந்த ஸ்பாஞ்சு ஒட்டின ஜாதி. சொட்டுத் தண்ணி இல்ல. கக்கூஸ் விளக்கு காய்ஞ்சு கிடக்குது, மீன் விளக்கு நீச்சலடிக்குது. என்ன நியாயம் இது?”

“கக்கூஸ்ல பைப்பால அடிக்க மாட்டாங்க மாமா. அதோட ஒட்டின ஸ்பாஞ்சைப் பிச்சா தூள் தூளா வரும். யாருக்கும் உதவாது. முழுசா கழட்டி எடுக்கிற மாதிரி இருந்தது நல்ல விளக்குலதான்.”

“அப்போ திருடன் ஏன் மூணாவது வரிசையில எட்டோட நிறுத்தினான்? ஏணி இருக்குது, கைக்கெட்டுது.”

“தெரியல.”

“வயிறு நிறைஞ்சிருக்கும்” என்றார் மாமா. சும்மா சொன்னார்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. மீன் வெட்டும் பெண்கள் ரப்பர் ஏப்ரன்களைக் கழற்றிக் கொக்கிகளில் மாட்டினார்கள். நான் எதையும் எண்ணாமல் விடக்கூடாது என்று தீர்மானித்திருந்ததால் கொக்கிகளையும் எண்ணினேன். இருபத்தாறு. இருபத்தைந்து ஏப்ரன்களில் தண்ணீர் சொட்டியது. ஒன்று மட்டும் காய்ந்து விறைத்துத் தொங்கியது.

பென்சிலை வாயில் வைத்தபடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா அதற்குள் சாப்பாட்டு மேசையில் இடம் பிடித்துவிட்டார். ஒரு பெண் தன் பெட்டியை அவர் பக்கம் தள்ளி, “சாப்பிடுங்கண்ணே, நிறைய இருக்குது” என்றார். எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரி வட்டமான ஸ்டீல் பெட்டிகள்.

“இது கம்பெனி குடுத்தது” என்றார் அந்தப் பெண், மாமா வாய் நிறைய மென்றுகொண்டிருக்கும்போது. “வந்த புதுசுல பருப்பு ஒழுகி பையெல்லாம் நாறும். பஸ்ல பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. இப்போ பாருங்க.” பக்கத்திலிருந்தவரின் திறக்காத பெட்டியை எடுத்துத் தலைகீழாகக் குலுக்கிக் காட்டினார். “ஒரு சொட்டு வருதா?”

மாமா பாராட்டுகிற முகத்தோடு மூடியைக் கையில் எடுத்தார். அந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று.

“மருமகளே. இங்க வா. கத்தாதே.”

மூடியின் உள்விளிம்பில் சாம்பல் நிற வளையம். ஒரு சாண் அகலம். பருப்பு உலர்ந்து அப்பியிருந்த இடத்தை மாமா நகத்தால் சுரண்டினார். நட்சத்திரம். 160.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, நடப்பதாக மற்றவர்கள் நினைக்கும் வேகத்தில், வெளியே ஓடினார்.

“அண்ணனுக்குக் காரம் ஒத்துக்கலையோ?” என்றார் அந்தப் பெண். மேசையெல்லாம் சிரித்தது.

என்னால் சிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து பெட்டிகள். இருபத்தைந்து வளையங்கள். அந்த ஈக்கள் மிதந்த விளக்கின் விளிம்பிலிருந்து எடுத்ததை உணவுக்கு மேல் வைத்து மூடி, சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரத்தில் ஒரு மனிதர் வீட்டில் உட்கார்ந்து நாற்பது விளக்குகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் தன்னையே தின்றுகொண்டிருக்கிறார். எனக்கு அவர்கள் எல்லோரையும் பார்க்கக் குமட்டியது.

வேனில் மாமா மூன்றாவது முறையாக வாய் கொப்பளித்தார்.

“இருபத்தாறு பேர், இருபத்தாறு வளையம்” என்றேன். “அதான் மூணாவது வரிசையில எட்டோட நின்னுடுச்சு. ஆளுக்கு ஒண்ணு. தலைக்கு மேல இருக்கிறதைக் கழட்டி எடுத்துட்டு, பழியை ஒயர்மேன் மேல போட்டுட்டு...”

“இருபத்தாறு பொம்பளைங்க சேர்ந்து ஒரு ரகசியத்தை இத்தனை நாளா காப்பாத்தினாங்களா? எங்க வீட்டுல ரெண்டு பேர் சேர்ந்து ரெண்டு மணி நேரம் காப்பாத்த முடியல.”

“சாட்சி கையில இருக்கு மாமா. நாளைக்கு ஒரு பெட்டியைக் காட்டினா ஒயர்மேன் தப்பிச்சுடுவாரு.”

“அவரு தப்பிப்பாரு. இருபத்தாறு பேரும் வேலையை விட்டுப் போவாங்க. கை போனவளுக்கு வைத்தியச் செலவும் கிடைக்காது. ‘நீயே கழட்டின விளக்கு உன் தலையில விழுந்துச்சு, போ’ன்னு சொல்லிடுவான் அந்தக் காது குடையறவன்.”

வேகக்கையை முதலில் பார்த்துவிடுவோம் என்றேன். அது சரியான முடிவுதான். ஆனால் நான் அதைச் செய்த விதம் சரியில்லை.

வேகக்கையின் வீடு ஒரு சந்துக்குள், இரண்டு அறை. அவரே கதவைத் திறந்தார். வலது கை முழங்கைவரை கட்டு. இடது கையால் உருளைக்கிழங்கின் தோலைச் சீவ முயன்றுகொண்டிருந்தார் போல. பாத்திரத்தில் ஒன்றுதான் சீவி முடிந்திருந்தது, அதுவும் மேடும் பள்ளமுமாக. அலமாரியில் அதே ஸ்டீல் பெட்டி.

நான் உட்காரக்கூட இல்லை. பெட்டியைக் காட்டி, “அந்த வளையத்தை எப்போ கழட்டினீங்க?” என்றேன்.

“எதை?”

“மூடியில இருக்கிற வளையத்தை. விளக்குலேர்ந்து. உண்மையைச் சொல்லிடுங்க, நான் பார்த்துட்டேன். ஒருத்தரோட லைசென்ஸ் நாளைக்குப் போகப்போகுது.”

மாமா என் முழங்கையைத் தொட்டார். நான் கவனிக்கவில்லை.

வேகக்கை என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏம்மா, நான் திருடினேன்னு சொல்றியா? வீடு தேடி வந்து?” குரல் உயரவே இல்லை. “திருடல. கை தட்டி வாங்கினோம்.”

“கை தட்டியா?”

“கம்பெனி பத்தாவது வருஷ விழாவுக்கு ஆளுக்கு ஒரு பெட்டி குடுத்தாங்க. எல்லாம் ஒழுகுச்சு. நாங்க போய்ச் சொன்னோம். ஒரு வாரம் கழிச்சு மேனேஜர் எல்லாரையும் கூடத்துல நிக்க வச்சு, ‘உங்களுக்காக ஸ்பெஷலா வரவழைச்சேன்’னு ஆளுக்கு ஒரு வளையம் குடுத்தாரு. போட்டோகூட எடுத்தாங்க. எல்லார் போனுக்கும் அவரே அனுப்பி வச்சாரு.”

இடது கட்டைவிரலால் போனைத் தேடி எடுத்து நீட்டினார். கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் காத்திருந்தோம்.

படத்தில் மேனேஜர் நடுவில் நிற்கிறார். எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறார். தலைக்கு மேல் தூக்கிய கையில் சாம்பல் நிற வளையம், கோப்பையைத் தூக்கிக் காட்டுவது போல. சுற்றிலும் பெண்கள் கை தட்டுகிறார்கள். வேகக்கை முன்வரிசையில் இருக்கிறார், இரண்டு உள்ளங்கையும் சேர்ந்திருக்கும் அந்தக் கணத்தில். மேனேஜருக்குப் பின்னால் ஒரு ஏணி. ஏணியில் கூடத்தின் பொருள் அறையைக் கவனிக்கும் ஸ்டோர்காரர், கையில் ஸ்க்ரூ டிரைவர். அவர் தலைக்கு மேல் ஒரு விளக்கு மூடியில்லாமல் திறந்து கிடக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினேன். மறுபடியும் பெரிதாக்கினேன். என் கண்ணை நான் எப்போதும் முழுதாக நம்புவதில்லை. தேதி கேட்டேன். ஜனவரி பதினொன்று. வளையம் போய் இரண்டு மாதம் ஆகிறது. அறுபது நாள் பைப் தண்ணீர்.

“அந்த ஏணி எதுக்குன்னு நீங்க யாரும் கேக்கலையா?”

“ஸ்டோர்காரரு கேட்டாரு. ‘சார், விளக்குல தண்ணி போயிடாதா’ன்னு. மேனேஜர் சிரிச்சாரு. ‘கூரைக்கு அடியில இருக்கிற விளக்குக்கு எதுக்கு ரப்பர்? உள்ள மழையா பெய்யுது?’ன்னாரு. நாங்களும் சிரிச்சோம். எங்களுக்கு என்ன தெரியும்? விளக்கு வேலை ஏதோ நடக்குது, அது வேற, இது வேறன்னு நினைச்சோம். வளையத்தைப் பையிலேர்ந்து எடுத்துக் குடுத்தாரு. புதுசுன்னாரு.”

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். போனை என் கையிலிருந்து வாங்கி ஏணியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். பிறகு தன் கட்டைப் பார்த்தார்.

“அப்போ இது என் தலைக்கு மேல இருந்ததா?”

நான் தலையாட்டினேன்.

“தினமும் இதைத்தான் நக்கிக் கழுவினேன்” என்றார். “மூடியில ஒட்டின பருப்பு வீணாப் போகக்கூடாதுன்னு.”

அவர் துப்பினார். வீட்டுக்குள், தன் சொந்தத் தரையில். பிறகு இடது கையால் ஒரு துணியை எடுத்துத் தானே துடைத்தார். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டது நியாயம்.

“மன்னிச்சுடுங்கக்கா” என்றேன். “நான் கேட்ட விதம் தப்பு.”

“நீ பரவாயில்ல. மூஞ்சிக்கு நேரா கேட்ட.” துணியை வாளியில் போட்டார். “அவன் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தான். கூடவே ஒரு காகிதம். ‘ஒயர்மேன் கவனக்குறைவு, அதான் எனக்கு அடிபட்டுச்சு’ன்னு எழுதியிருந்துச்சாம். இதுல கையெழுத்துப் போட்டாத்தான் வைத்தியச் செலவு பார்ப்பேன்னான். இடது கையால கோணல்மாணலா போட்டேன். பேனாகூட அவன்தான் குடுத்தான்.”

எந்தப் பேனா என்று எனக்குத் தெரிந்திருந்தது. காலையில் அவர் கையைத் தொடவே இல்லை, ஆனாலும் உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டேன். தேய்த்தும் போகவில்லை. கெட்ட விளக்குகளைக்கூட என்னால் மன்னிக்க முடியும், அவை ஒரு கேஸ்கெட் போட்டால் சரியாகிவிடும். அந்த மனிதர் இன்று காலை என் முன்னால் நின்று, தான் பிடுங்கிய வளையம் எங்கே போயிற்று என்று தெரிந்துகொண்டே, ‘மாட்டினவன் சரியில்ல’ என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாமா மெல்லப் பேசினார். ஜோக் எதுவும் இல்லாமல். “தங்கச்சி, இந்தப் படம் மட்டும் போதாது. ‘ஏணி சும்மா நின்னுச்சு, வளையம் கடையில வாங்கினது’ன்னு சொல்லுவான். ‘பொம்பளைங்க திருடிட்டாங்க’ன்னுகூடச் சொல்லுவான். யாராவது ஒருத்தர் நேர்ல வந்து சொல்லணும்.”

“சொன்னா செலவுக்குக் குடுக்க மாட்டான்.”

“குடுக்க மாட்டான்தான்” என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “போர்டு உண்மையைப் பதிவு பண்ணினா சட்டப்படி நஷ்ட ஈடு கேக்கலாம். கிடைக்கும்னு நினைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது. எத்தனை நாள் ஆகும்னும் தெரியாது. வேலை போனாலும் போகலாம்.”

“நல்லா ஆசை காட்டுற” என்றார் வேகக்கை.

சீவாத உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கூடையில் திரும்பப் போட்டார். தன் கூடத்திலேயே வேகமான கை. ஆறு உருளைக்கிழங்குக்கு அத்தனை நேரம் ஆயிற்று.

“அந்த ஒயர்மேன் என்ன சொல்றாரு?”

“தான் மறந்திருப்போமோன்னு பயப்படறாரு. உங்க கையை நினைச்சுத் தூக்கம் இல்லன்னாரு.”

“தப்பே பண்ணாத ஆளுக்குத் தூக்கம் இல்ல. பண்ணினவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுத் திரியறான்.” கூடையைக் காலால் தள்ளினார். “விசாரணை எத்தனை மணிக்கு?”

“பத்துக்கு. ஒன்பதரைக்கு வேன் கொண்டு வரோம்.”

“எட்டரைக்கு வா. ஒன்பதரைவரைக்கும் தனியா உட்கார்ந்திருந்தா மனசு மாறிடும்.”

திரும்பும் வழியில் ஒயர்மேன் வீட்டில் நிறுத்தினோம். ‘நீங்கள் நாற்பது வளையமும் போட்டீர்கள்’ என்று சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். தையல்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “படுத்துட்டான். இப்பவே குறட்டை விடறான்” என்றார்.

மணி ஆறு இருபத்தைந்து. வகுப்புக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். நாளைக்கான வேலை:

எட்டு மணிக்கு ஒயர்மேன் வீட்டிலிருந்து மூன்றாவது விளக்கை, வளையத்தோடு, வாங்கிக்கொள்ள வேண்டும். எட்டரைக்கு வேகக்கை வீட்டு வாசல். அவருடைய பெட்டி கழுவாமல் அப்படியே வர வேண்டும், போன் முழு சார்ஜில் இருக்க வேண்டும். அவரை வேனில் முன் சீட்டில் உட்கார வைக்க வேண்டும், வலது கை இடிபடாத பக்கம். பத்து மணிக்குப் போர்டு கூடியதும் நான் எழுந்திருக்கக் கூடாது. வேகக்கைதான் முதலில் பேச வேண்டும்.